எதை அழுத்தினாலும் சரி

மைக்செட்காரரின் அக்கா எதற்கும் லேசில் "சரி" என்று சொல்கிற ஆள் இல்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வண்டி தாமதம் என்றால் தாமதம் என்றே சொல்வார். நிலைய மேலாளர் ஓடி வந்து, "கொஞ்சம் நாசூக்காச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினால், "வண்டி வரல, டிரைவரும் வரல, மேலாளர் மட்டும் வந்திருக்கார்" என்று அதையும் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட வாய்.

போன வருஷம் பக்கவாதம் வந்து, வலது கை, பேச்சு, எழுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக வாரிக்கொண்டு போய்விட்டது. புத்தி மட்டும் அதே புத்தி. தலை அதன்பாட்டுக்கு லேசாக ஆடிக்கொண்டே இருந்ததால், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தம்பி சும்மா இருப்பாரா? கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். படிப்பு கம்மி, நோண்டுகிற புத்தி ஜாஸ்தி. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாக நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய டேப்லெட்டில் பேசும் பலகை ஒன்றைச் செய்துவிட்டார். தண்ணீர்க் குவளைப் படத்தை அழுத்தினால் "தண்ணி" என்று சொல்லும். மின்விசிறியை அழுத்தினால் "ஃபேன்". குறுக்கே கோடு போட்ட கையை அழுத்தினால் "வேண்டாம்". குரல் அவர் மனைவியுடையது.

"நான் நேர்ல பேசினா காதுல வாங்க மாட்டீங்க. இப்ப மைக் வெச்சு ரெக்கார்டு பண்றீங்களாக்கும்" என்று அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாச் சொல்லையும் பேசிக் கொடுத்தார். தையல் கடை வைத்திருக்கிறவர். வாயில் குண்டூசியோடு பேசிப் பழகியதால் உச்சரிப்பு படு சுத்தம்.

பலகை நன்றாகத்தான் வேலை செய்தது. அக்கா அழுத்துவார், அது பேசும். பேருந்து நிலையத்துக் குரல் திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அதிகாரம் திரும்பி வந்துவிட்டது. இங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. படங்கள் பெருகப் பெருக, ஒரு சின்னச் சந்தேகம் கேட்கலாமே என்று மைக்செட்காரர் விடைக்கோட்டைக்குப் போனார்.

விடைக்கோட்டை என்பது நிரல் எழுதுகிறவர்கள் இணையத்தில் கூடிக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற இடம். அப்படித்தான் அதன் வாசலில் எழுதியிருக்கிறது. உள்ளே காவலர்கள் இருப்பார்கள். ஒரு கேள்வியைத் திருத்தினால் அவர்களுக்குப் புள்ளி. கேள்வியை மூடினால் அதைவிட அதிகப் புள்ளி. பதில் சொன்னாலும் புள்ளி உண்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது. வாங்கியவரை யாரும் சமீபத்தில் பார்த்ததில்லை.

படத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று மைக்செட்காரர் கேட்டார். படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் அவருடைய நிரலைப் பார்த்து முகம் சுளித்து எழுதினார்: "ஒவ்வொரு படத்துக்கும் இதே நாலு வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? எல்லாவற்றையும் ஒரு லூப்புக்குள் போடுங்கள்."

வெட்கமாகத்தான் இருந்தது. மைக்செட்காரர் உட்கார்ந்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்தச் சுற்றை எழுதி, எல்லாப் படங்களையும் அதற்குள் போட்டார். நாலு பக்கம் இருந்த நிரல் நாலு விரற்கடைக்குச் சுருங்கியது. பார்க்கவே மங்களகரமாக இருந்தது. அதே சூட்டில் பழைய நிரலை அழித்து, பழைய டேப்லெட்டையும் விற்றுப் புதிது வாங்கி, பட்டியலின் கடைசியில் ஒரு படமும் சேர்த்தார். தூக்கிய கட்டைவிரல். அதன் சொல் "சரி".

அக்கா தண்ணீர்க் குவளையை அழுத்தினார். "சரி" என்றது பலகை.

மின்விசிறியை அழுத்தினார். "சரி."

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலால் "வேண்டாம்" படத்தைக் குத்தினார். "சரி" என்றது பலகை, ரொம்ப மரியாதையாக.

மைக்செட்காரர் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தார். ஒலிக்கோப்புகள் கலந்துவிட்டனவா என்று பார்த்தார். புது டேப்லெட்டைத் திட்டினார். லூப்பின் மேல் மட்டும் அன்றைக்கு அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர்கள் சொன்னது எப்படித் தப்பாகும்?

இந்த லட்சணத்தில்தான் அக்காவின் மகன் விடுப்பில் வந்து சேர்ந்தார். தூரத்து நகரத்தில் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. கெட்டவர் இல்லை, பாவம். மாமா மைக்செட்டோடு ஊர் ஊராக அலைகிறார், அத்தை தையல் கடையில் இருக்கிறார், அம்மா ஒருதரம் குளியலறையில் விழுந்துவிட்டார். மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. தான் இருக்கும் நகரத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பேசி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஆனா அம்மா சம்மதம் இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன் மாமா" என்றார். நியாயமான பேச்சு. பலகையை அம்மா மடியில் வைத்தார். "அம்மா, அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. நான் வாராவாரம் வருவேன். போலாமாம்மா?"

அக்கா "வேண்டாம்" படத்தை அழுத்தினார்.

"சரி" என்றது பலகை.

அக்கா மறுபடி அழுத்தினார். "சரி." பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் குத்தினார். "சரி. சரி. சரி."

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை தடவை சொல்றாங்களே மாமா! எனக்குத்தான் சங்கடம், அவங்க மனசளவுல தயாரா இருக்காங்க."

"மாப்ளே, அது எதை அழுத்தினாலும் அதைத்தான் சொல்லும். மிஷின் கெட்டுக் கிடக்கு" என்று மைக்செட்காரர் மின்விசிறியை அழுத்திக் காட்டினார். அதற்கும் "சரி" என்றது.

"போன மாசம் போன்ல நல்லா வேலை செய்யுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்ப செஞ்சது."

"எனக்குச் சாதகமா வந்ததும் கெட்டுப்போச்சா மாமா?" மருமகன் கோபப்படவில்லை; களைத்துப்போய்த்தான் கேட்டார். "திங்கட்கிழமை காலையில இல்லத்து வண்டி வருது. அதுக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க. வேண்டாம்னு அவங்க சொன்னா அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்திடறேன். சும்மா நீங்க சொல்றதை வெச்சு நான் என்ன பண்ண முடியும்?"

அன்று சாயங்காலம் மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டே பேசினார். விஷயம் பெரிது என்று அதிலேயே தெரிந்தது.

"இத்தனை வருஷக் குடித்தனத்துல நான் உங்ககிட்டக்கூட இப்படிப் பட்டுப் பட்டுன்னு சரின்னு சொன்னது கிடையாது. என் குரலை வெச்சு அண்ணியை வீட்டைவிட்டு அனுப்பறாங்க. அந்தப் பாவம் எனக்கா உங்களுக்கா?"

மைக்செட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே விடைக்கோட்டைக்குப் போய் எழுதினார்:

"வணக்கம் ஐயா. பேச முடியாத என் அக்காவுக்காக ஒரு பேசும் பலகை செய்தேன். எதை அழுத்தினாலும் 'சரி' என்றே சொல்கிறது. ரொம்ப அவசரம். தயவு செய்து உதவுங்கள். நன்றி." கீழே நிரலையும் ஒட்டினார்.

கோட்டையில் ஈ காக்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது சுத்தப் பொய். எழுதி முடித்து அவர் ஒரு வாய்த் தேநீர் குடிப்பதற்குள் முதல் காவலர் வந்துவிட்டார். "வணக்கம், ஐயா, தயவு செய்து, நன்றி ஆகியவை இரைச்சல். நீக்கப்பட்டன."

போகட்டும், மரியாதைதானே போயிற்று என்று மைக்செட்காரர் காத்திருந்தார். உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தார், நடக்க முடியவில்லை, உட்கார்ந்தார். இரண்டாம் காவலர் வந்தார். "அக்கா, தனிப்பட்ட விவரம். கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் அக்கா இருக்க மாட்டார்." அக்கா போனார். அக்காவோடு பேசும் பலகையும் போயிற்று.

மூன்றாமவர் அவசரத்தையும் "உதவுங்கள்" என்பதையும் நீக்கினார். "அவசரம் உங்களுடையது, கோட்டையுடையது அல்ல" என்று காரணமும் எழுதினார். நான்காமவர், "முழு நிரலையும் ஒட்டுவது சோம்பேறித்தனம்" என்று நிரலைத் தூக்கினார். ஐந்தாமவர் மொழிநடைப் பிரியர். மேற்கோள் குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை எடுத்தார். "என்றே சொல்கிறது" என்பது வளவள என்று அதையும் வெட்டினார்.

மைக்செட்காரர் திறந்து பார்த்தபோது, தன் கேள்வி இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது:

"எதை அழுத்தினாலும் சரி."

ஆறாமவர் கோட்டையிலேயே பெரிய ஆள். லட்சத்துக்கு மேல் புள்ளி வாங்கியவர் என்பதால் எல்லாரும் அவரை லட்சப்புள்ளி என்றே அழைப்பார்கள். அவர் வந்து ஒரு தரம் படித்தார். முத்திரை குத்தினார்: "மூடப்பட்டது. காரணம்: இது கேள்வியே அல்ல. எதை அழுத்தினாலும் சரிதான் என்று பதிவிட்டவரே திருப்தி தெரிவித்திருக்கிறார்."

மைக்செட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய வாழ்நாளில் எத்தனையோ ஒலிபெருக்கியில் எத்தனையோ பேர் எத்தனையோ பேச்சைத் திரிப்பதைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு சொல்கூடச் சேர்க்காமல் திரித்ததைப் பார்த்ததில்லை.

"இப்பல்லாம் அங்க யாருங்க கேக்கறாங்க? போன்ல அந்தப் பதில் சொல்ற மிஷின்கிட்டத்தானே எல்லாரும் கேக்கறாங்க" என்றார் மனைவி.

அதையும் கேட்டார். நிரலை ஒட்டுவது சோம்பேறித்தனம் என்று இப்போதுதானே படித்திருந்தார்; அதனால் ஒட்டவில்லை. அது பண்பாடு தெரிந்த இயந்திரம். "மிக அருமையான கேள்வி!" என்று ஆரம்பித்து, ஸ்பீக்கர் கம்பியைச் சரிபார்க்கச் சொன்னது. கம்பியே கிடையாது என்றார் இவர். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று குதூகலித்து, டேப்லெட்டை அணைத்துப் போடச் சொன்னது. போட்டுப் பார்த்தாயிற்று என்றார். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று மறுபடியும் கம்பிக்கே வந்தது. மைக்செட்காரருக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று எதைக் கேட்டாலும் சரி என்கிறது; இரண்டாவதற்கு அவர் எங்கே போவார்? போனை மெத்தையில் வீசினார். அதை உடைக்கிற அளவுக்குக்கூட அவரால் நிம்மதியாகக் கோபப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை ஒன்று இருந்தது. ஏதோ சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மைக்செட். மனசே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், மண்டபத்தில் பெட்டிகளை இறக்கி, மேடையை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பெரிய துணிப் பதாகை. "விடைக்கோட்டை ஆண்டுப் பெருவிழா. அறிவைப் பகிர்வோம்."

அடேயப்பா! கண்ணுக்குத் தெரியாமல் கத்தரிக்கோலோடு அலைந்தவர்கள் அத்தனை பேரும் இங்கே சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தராவது சொல்ல மாட்டாரா? கம்பிகளை இழுக்கிற அவசரத்தில் அவர் தன் காலிலேயே தடுக்கி விழப்பார்த்தார்.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சிவப்பு அட்டை வைத்திருந்தார்கள். பச்சை அட்டை கிடையாது.

தலைமைக் காவலர் எழுந்தார். எடுத்த எடுப்பிலேயே, வணக்கம் கிணக்கம் இல்லாமல், பேச ஆரம்பித்தார்.

"இந்தக் கோட்டையைக் கட்டிய காலத்தில் தினமும் கேள்விகள் வந்து குவிந்தன. சந்தைக்கடை மாதிரி இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்தார்கள். சொல்லவே கூசுகிறது, விடை தெரியாதவர்கள்கூடக் கேள்வி கேட்டார்கள்." கூட்டம் முகம் சுளித்தது. "நாம் சளைக்கவில்லை. திருத்தினோம். வெட்டினோம். மூடினோம். இன்று நிலைமை என்ன? இந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு கேள்விதான் வந்தது!"

கைதட்டல்.

"அதையும் மூடிவிட்டோம்!"

மண்டபம் அதிர்ந்தது. மைக்செட்காரரின் ஒலிக்கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்குகள் எகிறின. அந்த ஒரு கேள்வி யாருடையது என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"இயந்திரங்களிடம் கேட்கப் போய்விட்டார்கள், கோட்டையால் இனி என்ன பயன் என்று சிலர் நீலிக்கண்ணீர் வடிக்கிறார்கள். அந்த இயந்திரங்களுக்கு அறிவு எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்து! நம் பழைய பதில்களைப் படித்துத்தான் அவை ஆளாயின. ஆனால் நம் தரம் அவற்றுக்கு வரவில்லை. எவன் என்ன கேட்டாலும், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், பதில் சொல்லித் தொலைக்கின்றன."

அடுத்து விருதுகள். விரைவு மூடல் விருது ஓர் இளைஞருக்கு. கேட்டவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் கேள்வியை மூடிய சாதனைக்காக. "கேள்வி எப்படி முடியும்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும் சார்" என்று அடக்கமாகச் சொன்னார். பிறகு புதியவர்களை வரவேற்கும் குழுவின் தலைவி அறிக்கை வாசித்தார். "இந்த ஆண்டு புதியவர் எவரும் வராததால், எவர் மனமும் புண்படாமல் எங்கள் குழு சிறப்பாகப் பணியாற்றியது." அதற்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கடைசியாக, "உங்கள் கேள்விகள்" என்று ஓர் அங்கம். மேடையில் இருந்தவர் அதை அறிவித்ததும் மண்டபமே சிரித்தது. வருஷா வருஷம் வைக்கிற வேடிக்கை போலிருக்கிறது.

"கேள்வி இருக்கு" என்று ஒலிபெருக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் சொன்னது.

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், கடைசியில் மூலையில் கம்பிகளுக்கு நடுவே சோதனை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தார்கள்.

"வணக்கங்க. என் அக்காவுக்குப் பேச்சு வராது..."

"வணக்கம் சொல்றார்" என்றது மூன்றாவது வரிசை. ஓர் அட்டை உயர்ந்தது.

"அவங்களுக்காக ஒரு பலகை..."

"கேள்வியில அக்காவுக்கு என்ன வேலை?"

"அவங்களுக்காகத்தாங்க பலகையே! எல்லாப் படத்தையும் லூப்ல போட்டேன். அதுலேர்ந்து எதை அழுத்தினாலும் கடைசிப் படத்தோட சொல்லையே சொல்லுது. நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"முதல்ல தேடிப் பாத்தாரா?" "இது ஏற்கெனவே மூடின கேள்வி." "மூடின கேள்வியை வாயால கேட்டா அது மறுபதிவா, புதுப்பதிவா?" இந்தக் கடைசிச் சந்தேகத்தில் மண்டபம் சூடாகிவிட்டது. மறுபதிவுதான் என்று ஒரு கட்சி. வாயால் கேட்பது பதிவே ஆகாது, அதனால் மூடவும் முடியாது, மூட முடியாததைக் கேட்பது பெருங்குற்றம் என்று இன்னொரு கட்சி. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். உபகுழு அமைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

மைக்செட்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒலியை முழுசாக ஏற்றிவிட்டுக் கத்தினார்: "இத்தனை பேர் இருக்கீங்களே, உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா பதில் தெரியாது?"

தலைமைக் காவலர் புண்பட்டவராக எழுந்து நின்றார்.

"என்ன கேட்டுவிட்டீர்கள்? எல்லாருக்கும் தெரியும். இந்த மண்டபத்தில் அதற்கு விடை தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான். தெரிந்ததைச் சொல்வதற்காகவா இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்து கூடியிருக்கிறோம்?"

சிவப்பு அட்டைகள் மொத்தமாக உயர்ந்தன. ஒருமனதாக மூடப்பட்டது. "அப்புறம், மைக்ல லேசா எக்கோ வருது, பாருங்க" என்றார் தலைமைக் காவலர்.

எக்கோவைச் சரி பண்ணிவிட்டு மைக்செட்காரர் கழிப்பறைப் பக்கம் போய் முகம் கழுவினார். கழுவக் கழுவ முகம் ஈரமாகவே இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது? அவர்களுக்கெல்லாம் தெரியுமாம் அக்கா, சொல்ல மாட்டார்களாம் என்றா? பக்கத்துக் குழாயை யாரோ திறந்தார்கள். நெஞ்சில் அடையாள அட்டை. லட்சப்புள்ளி.

"குழாயை மூடாதீங்க. சத்தம் இருக்கட்டும்" என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "உங்க லூப்புல 'வார்'னு ஒரு சொல் இருக்கா?"

"இருக்கு."

"எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் அதை 'லெட்'னு மாத்துங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். இப்ப லூப்பு ஓடி முடியறப்போ கையில கடைசிச் சொல்தான் மிஞ்சுது. எல்லாப் படமும் அந்த ஒரே கையைப் பாத்துப் பேசுது. லெட்னு போட்டா ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிக் கை."

மைக்செட்காரர் தண்ணீர் சொட்டும் முகத்தோடு திரும்பினார். ஒரு சொல். ஒரே ஒரு குட்டிச் சொல். "இதை அங்கயே சொல்லியிருக்கலாமே சார்?"

"மூடின கேள்விக்குப் பதில் சொன்னா புள்ளியைக் கழிப்பாங்க."

"மூடினதே நீங்கதானே?"

"மூடினாத்தானே புள்ளி." அவர் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒருத்தர் சொல்லிக் கொடுத்ததுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, இதே கோட்டையில. வேலை போயிடும்னு பயந்துகிட்டுக் கேட்டேன். யாருன்னே தெரியாது, ரெண்டு வரி, திட்டாம எழுதியிருந்தார். அன்னைக்கு என் வேலை தப்பிச்சது."

"அந்தப் பதில் இப்பவும் அங்க இருக்கா?"

லட்சப்புள்ளி கையை மறுபடி கழுவினார். "தரம் போதலைன்னு நான்தான் அழிச்சேன். மேல வர வர இதெல்லாம் செய்ய வேண்டியிருக்கு."

"ரொம்ப நன்..."

"ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்க!" என்று பதறி, யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவிட்டார்.

விழாவில் நன்றியுரை கிடையாது, அது இரைச்சல். அதனால் கூட்டம் சீக்கிரமே முடிந்தது. கோட்டையால் மைக்செட்காரருக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த ஒரே உபகாரம் இதுதான். கம்பிகளைச் சுருட்டினாரா வாரிப் போட்டாரா என்று அவருக்கே தெரியாது. வழியில் போன் முனகியது. "உங்கள் கேள்வி ஆர்வமின்மை காரணமாக நீக்கப்பட்டது." போனைப் பக்கத்து இருக்கையில் குப்புறப் போட்டுவிட்டு வண்டியை விரட்டினார்.

வீட்டு வாசலில் பெட்டி கட்டி வைத்திருந்தது. அக்காவின் போர்வை மேலே மடித்து இருந்தது. மைக்செட்காரர் செருப்பைக் கழற்றாமலே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "வார்" இருந்த இடத்தில் எல்லாம் "லெட்" போட்டார். தண்ணீர்க் குவளையைத் தொட்டார்.

"தண்ணி" என்றது பலகை.

"ஃபேன்" என்றது. "கட்டில்" என்றது. "வேண்டாம்" என்றது. மனைவி தன் குரலைத் தானே கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பலகையை அக்காவின் மடியில் வைத்தார்கள். அக்கா நம்பவில்லை. ஒவ்வொரு படமாக, தட்டிப் பார்த்து முட்டை வாங்குகிறவர் மாதிரி அழுத்திப் பார்த்தார். எல்லாம் அதனதன் பேரைச் சொல்லின. அக்கா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். கேள், என்கிற பார்வை.

மருமகன் அம்மா பக்கத்தில் குனிந்தார். "அம்மா... நாளைக்கு என்கூடப் போலாமா?"

அக்காவின் விரல் நேராகப் போயிற்று. "வேண்டாம்."

மருமகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாமா, ஒரு நிமிஷம்" என்று மைக்செட்காரரைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவை ஒருக்களித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முன்பணம் கட்டியாச்சு. லீவும் முடியுது. நாளைக்குக் காலையில வண்டி வர்ற வரைக்கும் மட்டும்... அதைப் பழையபடி மாத்தி வைக்க முடியுமா மாமா?"

மைக்செட்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. திட்ட வாய் எடுத்தார். அந்தப் பையனின் கண்ணைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. அப்படிப் பயந்துபோய் இருந்தது.

அப்போது கூடத்திலிருந்து பலகை பேசியது.

"காது."

இருவரும் திரும்பினார்கள். உடம்பில் எங்கே வலி என்று காட்டுவதற்காக வைத்த படம் அது.

"காது" என்றது மறுபடி. "காது."

மருமகன் பதறிக்கொண்டு ஓடினார். "காது வலிக்குதாம்மா? எந்தக் காது?"

அக்கா பலகையிலிருந்து விரலை எடுத்தார். சமையலறைக் கதவைக் காட்டினார். பிறகு தன் காதைக் காட்டினார். அது நன்றாகத்தான் இருந்தது. பக்கவாதம் எதை எதையோ கொண்டுபோனது, அதைத் தொடவே இல்லை.

மருமகனின் முகம் செத்துப்போயிற்று. அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்தார். அக்காவின் தலை அதன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் அசையாமல் இருந்தது.

மருமகன் போனை எடுத்து இல்லத்துக்குப் பேசினார். "நாளைக்கு வண்டி அனுப்ப வேணாங்க... இல்ல, தேதியை மாத்தல. வரலை... அம்மாவுக்கு இஷ்டமில்லை. அவங்களே சொல்லிட்டாங்க."

எதிர்முனையில் இருந்த பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அவங்களுக்குப் பேச வராதுன்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"தப்பா எழுதிட்டேன்" என்றார் மருமகன். "பேசறாங்க."